ஐயாவோட பயனெட்டு துரு புடிச்சு கெடக்கு, பட்டறைல குடுத்து தேய்க்கலாமா?

உப்பூர் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த பழைய பட்டாளத்து சாமான் பத்தி ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. போன மாசம் எங்க பழைய வீட்ட இடிச்சு கட்டலாம்னு சாமான் எல்லாம் வெளிய எடுத்தோம், அப்ப பரண்ல எங்க ஐயாவோட, அதாவது அப்பாவோட அப்பாவோட, டிரங்க் பெட்டி கெடச்சுச்சு. ஐயா ரெண்டாம் உலகப்போர்ல பர்மால இருந்தவரு, 98ல தவறிட்டாரு. பெட்டிக்குள்ள ஒரு பச்சை கம்பளி, பர்மா ஸ்டார் மெடல் ஒண்ணு, பட்டாளத்த விட்டு வரும்போது குடுத்த டிஸ்சார்ஜ் புக், அதுக்கு அடில சேலைத் துணில சுத்தி இந்த பயனெட்டு, துப்பாக்கி முனைல மாட்டுற கத்தி. பெட்டிய தெறந்ததும் பாச்சா உருண்டை வாசமும் ஈரத் தோல் வாசமும் சேந்து வந்துச்சு பாருங்க, ஐயா பக்கத்துல உக்காந்திருக்க மாதிரியே இருந்துச்சு.

சின்ன வயசுல இருந்து வீட்ல சொல்றது என்னன்னா, இது ஐயா ஒரு ஜப்பான்காரன்கிட்ட இருந்து புடுங்குனதுன்னு. எங்க அப்பா, சித்தப்பா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

இப்ப நெலமை என்னன்னா, அது தோல் உறைக்குள்ள இறுகிப்போய் கெடந்துச்சு, எங்க மாமா கால்ல மிதிச்சுக்கிட்டு இழுத்ததுல உறையோட தையல் ரெண்டு இன்ச்சு பிரிஞ்சுருச்சு. தோல தொட்டா செம்மண்ணு மாதிரி தூள் கையில ஒட்டுது. இரும்புல பாதி கருப்பா பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு, பாதி செம்பழுப்பா துரு. சித்தி நல்லது செய்றதா நெனச்சு புளியும் சாம்பலும் போட்டு ஒரு பக்கம் தேய்ச்சு தேங்காண்ணெய் தடவி வச்சாங்க, மறுநாள் காலைல பாத்தா தேய்ச்ச பக்கம் பூரா மஞ்சப்பொடி தூவுன மாதிரி புதுசா துரு.

ஸ்கேல் வச்சு அளந்தேன், இரும்பு மட்டும் சரியா 12 இன்ச்சு. நடுவுல வாய்க்கா மாதிரி குழி எதுவும் இல்ல, தட்டையா இருக்கு. புடிக்குப் பக்கத்துல ஒரு கிரீடம், அதுக்கு கீழ எழுத்து, பாதி துருல மறைஞ்சிருக்கு, ஜி ஆர் ஐ மாதிரி படிக்க முடியுது, எம்கே 2ன்னு ஒண்ணு, ஆர் எஃப்னு ஒண்ணு, 42ன்னு நம்பர். புடி மரம், ரெண்டு ஸ்குரு போட்டிருக்கு. முனைல இருந்து மூணு விரக்கடை தள்ளி ஓரத்துல ஒரு பல்லு போயிருக்கு, உளுந்து ஒண்ணு உக்கார்ற அளவுக்கு.

மாமா சொல்றாரு தொண்டில அவருக்கு தெரிஞ்ச பட்டறைல குடுத்தா கிரைண்டர்ல ஒரு ஓட்டு ஓட்டி அந்த பல்லையும் எடுத்து பளபளன்னு ஆக்கி கூரும் தீட்டி குடுத்துருவாங்க, பிரேம் போட்டு ஹால்ல மாட்டிரலாம்னு. எனக்கு மனசு ஒப்பல. வர்ற ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு போறேன்னு நிக்கிறாரு. என்ன செய்யட்டும்?

கமுதி அருவா:

தங்கச்சி, எங்க வீட்ல அருவா கத்தி எல்லாம் நல்லெண்ணெய் தடவித்தான் வைப்போம், துருவே வராது. நல்லா ஊற ஊற தடவி திரும்ப அந்த உறைக்குள்ளயே வச்சிருங்க, காத்து படாம இருக்கும்.

பட்டாளத்து ஆளு:

கமுதி தம்பி, கோவிச்சுக்காத, அந்த ரெண்டும் வேணாம். அருவா தெனம் பொழங்குற சாமான், தீட்டுறோம், தொடைக்கிறோம், எண்ணெய் பழசாக நேரமே இல்ல. இது வருசக்கணக்கா சும்மா இருக்கப்போறது. நல்லெண்ணெய் காத்துபட்டு நாளாக ஆக கெட்டியாகி பிசுபிசுன்னு பசை மாதிரி ஆகும், தூசியும் ஈரமும் அதுலதான் ஒட்டும். தோல் உறை இன்னும் மோசம், தோல் பதப்படுத்துன சரக்குல அமிலத்தன்மை இருக்கும், ஈரத்த வேற குடிச்சு வச்சுக்கும். நான் பாத்த பழைய பயனெட்டுல பாதிக்கு மேல உறைக்குள்ள இருந்தே அரிச்சுப் போனதுதான்.

அம்மா உப்பூர், நான் 24 வருசம் சர்வீஸ் முடிச்சு இப்ப சாயல்குடி பக்கம் இருக்கேன், இந்த மாதிரி சாமான் மேல எனக்கு ரொம்ப பிரியம். மொதல்ல அது என்னன்னு சொல்றேன், ஏன்னா நீங்க எழுதுன அடையாளத்துலயே பதில் இருக்கு. கிரீடத்துக்கு கீழ ஜி ஆர் ஐன்னா ஜார்ஜ் ரெக்ஸ் இம்பரேட்டர், அதாவது ஜார்ஜ் மன்னர், பேரரசர். ஆர் எஃப்புக்கு அப்புறம் துருக்குள்ள ஒரு ஐ இருக்கும் பாருங்க, ஆர் எஃப் ஐ, ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர், கல்கத்தா பக்கத்துல இருக்குற நம்ம தொழிற்சாலை. 42 வருசம். எம்கே 2ன்னா மார்க் 2, லீ என்ஃபீல்டு 303 ரைபிள்ல மாட்டுற இந்தியன் பேட்டர்ன் பயனெட்டு. அந்த ரைபிளுக்கு பிரிட்டிஷ்காரன் 1907ல கொண்டு வந்தது 17 இன்ச்சு நீளம், ரெண்டு பக்கமும் வாய்க்கா வெட்டுனது. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல இந்தியால அத 12 இன்ச்சா குறைச்சாங்க, பழசையே வெட்டி சிறுசாக்குனதும் உண்டு, வாய்க்கா இல்லாம புதுசா அடிச்சதும் உண்டு. உங்களது புதுசா அடிச்ச வகை.

ஜப்பான்காரன் பயனெட்டுன்னா அது டைப் 30, 1897ல வந்தது. அலகு 40 சென்டிமீட்டர் இருக்கும், அதாவது பதினஞ்சே முக்கால் இன்ச்சு. பெரும்பாலும் வாய்க்கா இருக்கும், புடிக்கும் அலகுக்கும் நடுவுல இருக்குற காவல் கட்டைல கொக்கி வளைஞ்சிருக்கும், ஆங்கில எழுத்தே இருக்காது, ஆர்சனல், அதாவது ஆயுதத் தொழிற்சாலை முத்திரைதான் இருக்கும். இதுல ஒரு விசயம் சொல்லணும், பிரிட்டிஷ்காரன் 1907 மாடலையே அந்த ஜப்பான் பயனெட்ட பாத்துத்தான் செஞ்சான், மொத மொத வந்ததுல அதே மாதிரி கொக்கி கூட வச்சான், 1913ல எடுத்துட்டான். அதனால ரெண்டும் ஒரு ஜாடைல இருக்கும். ஐயா என்ன சொன்னாரோ, புள்ளைங்க காதுல எப்படி விழுந்துச்சோ, யாரையும் குத்தம் சொல்ல நான் வரல. ஆனா உங்க கையில இருக்குறது நம்ம ஊரு ஆளு நம்ம ரைபிள்ல மாட்டி இடுப்புல கட்டி நடந்தது. எனக்கு அது ஜப்பான்காரனோடத விட பெருசு.

கிரைண்டர் பக்கம் கொண்டு போகவே கூடாதும்மா. அந்த எழுத்து எல்லாம் ஆணி போட்டு தட்டுன முத்திரை, ஒரு மயிரிழை ஆழந்தான் இருக்கும், கிரைண்டர் ஒரு தடவை போனா கிரீடமும் போச்சு 42ம் போச்சு, அப்புறம் அது வெறும் இரும்புத் துண்டு. கருப்பா இருக்குன்னு சொன்னீங்களே, அந்தக் காலத்துல அலகு மின்னக்கூடாதுன்னு கருப்படிச்சு குடுத்தது, அதையும் சுரண்டாதீங்க. கூரும் தீட்ட வேணாம், பயனெட்டு குத்துறதுக்கு உண்டானது, இஷ்யூ பண்ணும்போது பெரும்பாலும் தீட்டாமத்தான் வரும். அந்த பல்லு போன இடம்? அது எப்படி போச்சுன்னு வீட்ல பெரியவங்க யாரும் இருந்தா கேளுங்க, கேக்குறதுக்கு முந்தி அழிச்சிராதீங்க.

டிஸ்சார்ஜ் புக்ல ரெஜிமென்ட் பேரும் சர்வீஸ் நம்பரும் இருக்கும், அத வச்சு ஐயாவோட சர்வீஸ் விவரம் கேட்டு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுன்னா ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டன்ல, சாப்பர்ஸ்னா, அதாவது பட்டாளத்து இன்ஜினியர் படைன்னா, பெங்களூர்ல. ராமநாதபுரத்துல முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல போய் கேட்டா எப்படி எழுதணும்னு சொல்லித் தருவாங்க.

உப்பூர் பொண்ணு:

ஐயா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. ஆமா, பல்பு வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தேன், ஆர் எஃப்புக்கு பக்கத்துல ஒரு ஐ இருக்கு. இத்தன வருசமா ஜப்பான் ஜப்பான்னு சொல்லிட்டு இருந்தோம். அப்பாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல, சொல்லுவேன்.

புக்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்னு இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு முந்தி நான் ஏதாவது செஞ்சு காட்டுனாத்தான் மாமாவ நிறுத்த முடியும். சித்தி தேய்ச்ச பக்கம் துரு நிக்க மாட்டேங்குது, துணி வச்சு தொடைச்சா போகுது, ரெண்டு நாள்ல திரும்ப வருது. எங்க வீடு கடல்ல இருந்து கூப்புடு தூரந்தான், ஐப்பசி கார்த்திகை வந்தா வாடைக் காத்துல சன்னல் கம்பி கூட நசநசன்னு இருக்கும்.

மண்டபம் வடகடல்:

அக்கா, இது எங்க ஏரியா கேள்வி. நான் போட்டு எஞ்சின் வேலை பாக்குறவன், 15 வருசமா துருவோடதான் பொழப்பு, பழைய கத்தியும் நாலஞ்சு வச்சிருக்கேன். நம்ம கரைல உப்புக் காத்த சாதாரணமா நெனைக்கவே கூடாது. 1914ல தெறந்த பாம்பன் பாலத்த வருசம் முச்சூடும் பெயிண்ட் அடிச்சு அடிச்சு பாத்துக்கிட்டாங்க, அப்படியும் 2022 டிசம்பரோட ரயில நிறுத்த வேண்டியதாப் போச்சு. காரைக்குடில சிக்ரின்னு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, அவங்க இரும்பு அரிமானத்த ஆராய மண்டபத்துலதான் ஒரு யூனிட் வச்சிருக்காங்க. ஆராய்ச்சிக்கே தேடி வர்ற அளவுக்கு நம்ம காத்து.

துரு ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னா, மேல இருக்குற துருவ தொடைச்சாலும் குழிக்குள்ள உப்பு உக்காந்திருக்கு. அந்த உப்பு காத்துல இருக்குற ஈரத்த தானா இழுக்கும், எண்ணெய்க்கு அடிலயே வேலை செய்யும். சில சமயம் காலைல பாத்தா சின்னச் சின்னதா ஆரஞ்சு முத்து மாதிரி வேர்த்திருக்கும், அப்படி இருந்தா உப்பு உள்ள இருக்குன்னு அர்த்தம். சித்தி போட்ட புளி அமிலம், அது இரும்பு மேல இருந்த பழைய கருப்புப் படலத்த எடுத்து பச்சை இரும்ப வெளிய காட்டிருச்சு, அதான் ஒரே ராத்திரில மஞ்சளாயிருச்சு.

நான் செய்றத அப்படியே சொல்றேன். கையில மருந்துக்கடை கையுறை போட்டுக்கோங்க, வேர்வைலயும் உப்புதான். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க, பேட்டரிக்கு ஊத்துற தண்ணி, பக்கத்துலயே ஆசிட் கேனும் வச்சிருப்பான், பாத்து வாங்குங்க. வீட்டுத் தண்ணி வேணாம், நம்ம ஊரு போர் தண்ணியே உப்பு. அந்த தண்ணிய சூடு பண்ணி பஞ்சுல நனைச்சு, முக்கி எடுக்காதீங்க, புடி மரத்துக்குள்ள தண்ணி போயிரும், அலக மட்டும் திரும்பத் திரும்ப ஒத்தி எடுங்க. மெதுவான டூத் பிரஷ் வச்சு குழிகள்ல தட்டுங்க. பஞ்சு மாத்தி மாத்தி, மொத பஞ்சு டீ டிகாஷன் கலர்ல வரும், வெள்ளையா வர்ற வரைக்கும். உடனே மருந்துக்கடை ஸ்பிரிட் போட்டு தொடைச்சு, அது நல்லா பறந்து போனப்புறம், முடி காய வைக்கிற டிரையர்ல கை பொறுக்குற சூட்டுல காய வச்சிருங்க. ஸ்பிரிட் ஈரம் இருக்கும்போது டிரையர் போடாதீங்க, தீப்புடிக்கும்.

காஞ்சதும் தையல் மெஷின் எண்ணெய தாராளமா தடவி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் நாலு சைபர் (0000) போட்ட நைஸ் ஸ்டீல் வுல், அதாவது இரும்பு நாரு, அதவிட பெருசு வேண்டாம், எண்ணெயோடவே சேத்து விரல் நுனி பாரத்துல தேய்ங்க. சிவப்பு துரு மட்டும் சேறு மாதிரி கரைஞ்சு வரும், தொடைச்சிருங்க. கருப்பும் காபிக் கலரும் இருக்குறது அசையாது, அசைக்கவும் கூடாது, அது இரும்புக்கு மேல ஒரு போர்வை மாதிரி. முத்திரை இருக்குற இடத்துல ஸ்டீல் வுல்லும் வேணாம், மூங்கில் குச்சிய கூராக்கி எழுத்துக்குள்ள இருக்குற துருவ எண்ணெய் விட்டு விட்டு நிமிண்டி எடுங்க. நான் ஒரு கத்தில நாலே எழுத்துக்கு ஒரு சாயங்காலம் பூரா உக்காந்திருக்கேன். அந்த எழுத்து மெல்ல மெல்ல மேல வர்றது இருக்கே, அந்த சந்தோசம் தனி.

துருவ எடுக்குற கெமிக்கல் பாட்டில் எதுவும் வேணாம். டபிள்யூடி 40ங்கிற ஸ்பிரே ஈரத்த வெரட்ட நல்லது, ஆனா அத மட்டும் நம்பி விட்டா நம்ம காத்துக்கு நிக்காது. கடைசில மெஷின் எண்ணெய் மெல்லிசா ஒரு பூச்சு, இல்ல காசு செலவழிக்கலாம்னா எண்ணெய முழுசா தொடைச்சுட்டு ரெனைசான்ஸ் வாக்ஸ்னு ஒண்ணு, மியூசியத்துல எல்லாம் போடுறது, பிரிட்டிஷ் மியூசியம் லேபுல உண்டாக்குனது. சின்ன டப்பா, ஒரு டப்பா பல வருசம் வரும். வாக்ஸ் போட்டா தூசி ஒட்டாது.

புடி மரத்த மணல் பேப்பர் போட்டு தேய்க்காதீங்க, ஸ்குருவ கழட்டவும் பாக்காதீங்க, தலை நைஞ்சு போகும். பெயிண்ட் கடைல லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும், நாலு சொட்டு கையில விட்டு மரத்துல தேய்ச்சு பத்து நிமிசத்துல தொடைச்சிருங்க. தொடைச்ச துணிய கசக்கி குப்பைல போடாதீங்க அக்கா, லின்சீட் நனைஞ்ச துணி சுருட்டிக் கெடந்தா தானா சூடாகி தீப்புடிக்கும். விரிச்சு வெளிய காயப் போடுங்க, இல்லாட்டி தண்ணில முக்குங்க.

உறைக்கு எண்ணெய் எதுவும் வேணாம், தூளா உதிர்ற தோல் எண்ணெய் பட்டா இன்னும் ஊறிப்போகும். தையலயும் இப்ப தொடாதீங்க. பாரம் எதுவும் ஏத்தாம தட்டையா தனியா வைங்க, பயனெட்டு தனி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, உள்ள போடாதீங்க.

ஹால்ல பிரேம் போட்டு மாட்டுறது உங்க வீட்டுக்கு சரிவராது. மூடி இறுக்கமா உக்கார்ற பிளாஸ்டிக் டப்பால ஈரம் உறிஞ்சுற சிலிகா ஜெல் ரெண்டு மூணு பை போட்டு வைங்க. நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க, அதுவும் அமிலம், ஈரமும் புடிக்கும். கலர் மாறுற ஜெல் வாங்குனா ஈரம் குடிச்சது கண்ணுக்கே தெரியும், சூடு காட்டுனா திரும்ப பழைய கலருக்கு வரும், சமையல் பாத்திரத்துல மட்டும் சூடு பண்ணாதீங்க. உங்களுக்கு வாடை, தென்கடல் பக்கம் இருக்குறவங்களுக்கு கச்சான் காத்து, அந்த மாசங்கள்ல பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை தெறந்து பாருங்க.

கீழக்கரை பாய்:

மண்டபம் தம்பி சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, தென்கடல் கச்சான் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு, எங்க வாப்பா வச்சிருந்த பழைய சங்கு குளி கத்தி ஒரே கச்சான் சீசன்ல பொரிஞ்சு போச்சு.

சட்டம் பத்தி யாரும் சொல்லல, அத சொல்றேன், ஏன்னா அக்கா அளந்தது 12 இன்ச்சு. ஆயுதச் சட்டம் 1959, அதுக்கான விதிகள் 2016. அந்த அட்டவணைல வாள், குத்துவாள், பயனெட்டு எல்லாம் பேர் சொல்லியே இருக்கு, 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள அலகுன்னு வரும், வீட்டு வேலை, விவசாய வேலைக்கு உண்டானது சேராது. துப்பாக்கி மாதிரி எல்லா ஊர்லயும் வச்சிருக்கவே லைசன்ஸ்னு இதுக்கு கிடையாது, மத்திய அரசு எந்த ஏரியாவுக்கு நோட்டிபிகேஷன் போட்டிருக்கோ அங்க லைசன்ஸ் வேணும். அதனால கலெக்டர் ஆபீஸ்ல ஆயுத லைசன்ஸ் பாக்குற செக்‌ஷன்ல நம்ம ஏரியா நெலவரத்த ஒரு தடவை நேர்ல கேட்டு தெளிவாகிக்கோங்க, டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ் கையோட வச்சுக்கோங்க. பயனெட்ட தூக்கிக்கிட்டு போகாதீங்க, போட்டோ போதும். பஸ்லயோ ஊர்வலத்துலயோ திருவிழாலயோ கையில எடுத்துட்டு போறது, ஸ்டேட்டஸ்ல கத்தியோட நிக்கிறது, அதெல்லாம் வேண்டாத வம்பு. மாமா தொண்டிக்கு எடுத்துட்டு போறேன்னதும் எனக்கு மொதல்ல அதுதான் தோணுச்சு. யாராவது வெல கேட்டு வந்தா அவசரப்பட்டு குடுத்துறாதீங்க, விக்கிறதுக்கு சட்டம் வேற.

ராமநாதபுரம் அரண்மனைல ராமலிங்க விலாசம் மியூசியத்துக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க, தொல்லியல் துறை பாத்துக்கிறது. அங்க வளரி, வாள் எல்லாம் வச்சிருக்காங்க. பழைய இரும்ப பழசாவே வச்சா எப்படி இருக்கும்னு மாமாவையும் கூட்டிட்டு போய் காட்டுங்க.

உப்பூர் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செஞ்சத சொல்றேன்.

வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் அதுலயே உக்காந்துட்டேன். மண்டபம் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே மொத பஞ்சு டிகாஷன் கலர், பதினோராவது பஞ்சுலதான் வெள்ளையா வந்துச்சு. மூங்கில் குச்சிக்கு கபாப் குச்சிய கூராக்கிக்கிட்டேன். ஆர் எஃப் ஐ முழுசா வந்துருச்சு. அதுக்குப் பின்பக்கம் துருக்குள்ள ஒரு அம்புக்குறியும் ஒரு பெருக்கல் குறியும் கூட தெரியுது, அது என்ன?

பல்லு போன இடத்த பத்தி அப்பத்தாகிட்ட கேட்டேன். அவங்களுக்கு 88 வயசு, காது கொஞ்சம் மந்தம், பயனெட்ட மடில வச்சு காட்டுனேன். பெருவிரல அந்த பல்லு மேல சரியா வச்சுக்கிட்டு சொன்னாங்க, இது பர்மால போனது இல்லடி, 64 புயலுக்கு போனதுன்னு. தனுஷ்கோடி அழிஞ்ச ராத்திரி. எங்க கரையிலயும் காத்து அடிச்சு வீட்டுக் கூரை பாதி பிச்சுக்கிட்டு கொட்டில் மேல விழுந்துருச்சாம், உள்ள ரெண்டு மாடு கட்டிக் கெடந்துச்சாம். இருட்டுல அருவாள தேட நேரமில்லாம ஐயா பெட்டில இருந்து இத எடுத்துட்டு போய் கயித்த அறுத்திருக்காரு, கூர் இல்லாததால அறுபடாம கல்தூண் மேல வச்சு குத்திக் குத்தி அறுத்தாராம், அப்ப தெறிச்ச பல்லு. ஒரு மாடு பொழச்சுச்சு, அது ஈன்ன கன்னுக்குட்டியத்தான் எங்க அத்தை கல்யாணத்துக்கு சீரா குடுத்தாங்களாம். ஜப்பான்காரன் கதையையும் கேட்டேன். ஐயா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லையாம், சித்தப்பா பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு திரிஞ்சதாம்.

மாமா பக்கத்துலதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஞாயித்துக்கிழமை தொண்டிக்கு போனாரு, டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்கிட்டு வந்தாரு.

பட்டாளத்து ஆளு:

அம்மா, அம்புக்குறி அரசாங்கச் சொத்துங்கிற முத்திரை. பெருக்கல் குறி, அலக வளைச்சுப் பாத்து உடையாம நிமிந்துச்சுன்னு சோதிச்சவன் போட்டது. அப்பத்தா சொன்னத ஒரு தாள்ல தேதி போட்டு எழுதி, அவங்க கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி, அதே டப்பாவுல ஒரு பிளாஸ்டிக் கவர்ல வச்சிருங்க. சாப்பர்ஸ் ரெக்கார்டுக்கு எழுதுறப்ப சொல்லுங்க, மனு எழுத நான் கூட இருக்கேன்.

உப்பூர் பொண்ணு:

எழுதிட்டேன் ஐயா. அப்பத்தா கையெழுத்தே போட்டாங்க.